ஏரிக்கரையும் கலிங்கலும்

கூட்டுறவுப் பாடத்தில் ஏரிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். சங்கத்தின் சொத்து என்பது பெட்டியிலுள்ள ரொக்கமும், கிடங்கிலுள்ள நூலும், அங்கத்தினர் எழுதிக் கொடுத்த கடன் பத்திரங்களுமே என்று கருதுவோருக்கு இவ்வினா எழுவது இயல்பே. ஆனால் அந்தக் கிடங்கு எந்த மட்டத்தில் நிற்கிறது, கடன் பெற்ற நிலம் எந்த மதகின் கீழ் இருக்கிறது என்று பார்த்தால், வட தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் இரண்டும் ஒரே கரையின் கீழ் இருப்பதைக் காணலாம். அந்தக் கரை மண்ணால் ஆனது. அதன் நலன் கெட்டால் சங்கத்தின் ஐந்தொகையும் சேர்ந்து கெடும். ஆதலின் இம்மாதம் அதனைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

அணை என்றவுடன் நம்மவர்க்கு மேட்டூரும் பவானி சாகரும் நினைவுக்கு வருகின்றன. ஊர்க்கோடியில் ஆடு மேயும் கரையை எவரும் அணை என்று அழைப்பதில்லை. உண்மையில் ஏரி என்பது சரிவான நிலத்தின் குறுக்கே பிறை வடிவில் மண்ணைக் கொட்டி எழுப்பிய சிறிய அணையேயாகும். தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் என்று பல பெயர்களில் சுமார் 39,000 உள்ளன. நாற்பது ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும், பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் இருக்கின்றன. இவற்றைக் கட்டிய முன்னோர் பாசனத்தையே முதன்மையாகக் கருதினர் என்பதில் ஐயமில்லை. எனினும் மூன்று மாதத்தில் பெய்து தீர்க்கும் வடகிழக்குப் பருவ மழையை ஆங்காங்கே நிறுத்தி, மெல்ல மெல்லக் கீழே அனுப்பும் வேலையையும் அதே கரை செய்து வருகிறது. இரண்டாவதாகச் சொன்ன இந்த வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. அது நின்றுபோகும் நாளில்தான் தெரிகிறது.

ஏரியின் உறுப்புகளை அறியாத குடியானவர் இல்லை. நெசவாள அன்பர்களுக்காக அவற்றைச் சுருங்கச் சொல்லுகிறோம். நீர் தேங்கும் பரப்பு உள்வாய். மேலேயுள்ள ஏரியிலிருந்தோ ஓடையிலிருந்தோ நீர் வரும் வழி வரத்துக்கால். கரையின் உட்புறச் சரிவில் அலை அரிக்காதபடி பதித்த கல் அலைகல். கரையின் அடியில் நுழைந்து வயலுக்கு நீர் தரும் வாய் மதகு. ஏரி நிரம்பியபின் மிகுந்த நீர் தானாக வழியும் பொருட்டுக் கரையின் ஒரு கோடியில் கல்லால் கட்டிய தாழ்ந்த சுவர் கலிங்கல். தென் மாவட்டத்தார் இதனைக் கலுங்கு என்பர். கலிங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும் வழி போக்குக்கால். இவ்வளவே. இவற்றுள் பாசனத்துக்கு உயிர் மதகு. வெள்ளத்துக்கு உயிர் கலிங்கல். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் இனி வருவன எளிதில் விளங்கும்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சங்கத்தின் வட்டிக் கணக்கைவிட இது எளியது.

நூறு ஏக்கர் உள்வாயுள்ள ஏரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் நீர்மட்டம் ஓரடி உயர்ந்தால் சேரும் நீர் நூறு ஏக்கர் அடி, அதாவது 43,56,000 கன அடி. வினாடிக்கு 600 கன அடி வீதம் ஓடிவரும் வெள்ளம் இந்த ஓரடியை நிரப்ப இரண்டு மணி நேரம் ஆகும். இனிக் கலிங்கலைப் பார்ப்போம். அதன் நீளம் அறுபது அடி என்று கொள்வோம். கலிங்கலின்மேல் ஓரடி உயரத்துக்கு நீர் வழிந்தால் வெளியேறுவது வினாடிக்குச் சுமார் 180 கன அடி. ஆகவே நிரம்பி நிற்கும் ஏரிக்குள் 600 கன அடி வெள்ளம் புகுந்தாலும், இரண்டு மணி நேரம் கழிந்தபின்னும் போக்குக்காலில் இறங்குவது 180 கன அடியே. இடைநேரத்தில் வழிந்ததையும் கணக்கில் சேர்த்தால் அதற்கு இன்னும் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் மழை ஓய்ந்துவிட்டால், மேலே சீறிவந்த வெள்ளம் கீழே உள்ள ஊருக்கு ஒரு சாதாரண ஓட்டமாகவே வந்து சேரும். வெள்ளம் அழிந்துவிடவில்லை, அதன் தலை தட்டப்பட்டு, பல மணி நேரத்துக்குப் பங்கிட்டு அனுப்பப்பட்டது. சங்கம் ஒரு பெருங்கடனைத் தவணையாக வசூலிப்பது போன்றதே இது.

ஆனால் நம் ஏரிகள் வெள்ளத்தை முற்றும் தடுத்துவிடும் என்று மேடைகளில் பேசப்படுவதை நாம் ஒப்புவதற்கில்லை. ஐப்பசி முதல் வாரத்தில் காய்ந்து கிடக்கும் ஏரி, வரும் மழையை முழுதுமாக விழுங்கிவிடும். கார்த்திகையில் நிரம்பி நிற்கும் அதே ஏரிக்கு, கலிங்கலுக்கு மேலே உள்ள இரண்டு மூன்று அடி இடந்தான் மிச்சம். இரண்டு சதுர மைல் நீர்ப்பிடிப்பு நிலத்தில் நான்கு அங்குல மழை பெய்து, அதில் பாதி ஓடிவந்தால் சேருவது சுமார் 210 ஏக்கர் அடி; அதாவது நம் ஏரிக்கு இரண்டடி. இதனைக் கரை தாங்கும். ஆனால் 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. 2024 நவம்பர் கடைசியில் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் 51 சென்டிமீட்டர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஐம்பது சென்டிமீட்டர் என்பது இருபது அங்குலம். ஊறிப்போன பூமியில் அதில் ஐந்தில் நான்கு பங்கு ஓடிவந்தால், அதே இரண்டு சதுர மைலிலிருந்து வருவது 1,700 ஏக்கர் அடிக்கு மேல். நூறு ஏக்கர் உள்வாயில் அது பதினேழு அடி உயரும். எந்தச் சிற்றேரியும் இதனைக் கொள்ளாது. அத்தகைய நாளில் ஏரியின் கடமை நீரைப் பிடித்து வைப்பதன்று. தான் உடையாமல் நின்று, வந்த நீரைக் கலிங்கல் வழியே கடத்திவிடுவதே.

உடையாமல் நிற்பது ஏன் அத்துணை முக்கியம்? நம் ஏரிகள் தனித்தனியே இருப்பவை அல்ல; ஒன்றன் கலிங்கல் நீர் மற்றொன்றின் வரத்துக்காலில் இறங்கும்படி சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. மேலேரி நன்கு நின்றால் கீழேரிக்கு வெள்ளம் குறையும். பழைய சென்னை மாகாணத்துப் பொறியாளர்கள் ஒரு ஏரிக்கு வரும் வெள்ளத்தை ரைவ்ஸ் என்பாரின் சூத்திரத்தால் கணக்கிடும்போது, மேலேரிகள் தடுத்து நிறுத்தும் பரப்புக்கெனத் தனியே ஒரு கழிவு கொடுப்பது வழக்கம். அந்தக் கழிவை நம்பியே கீழேரியின் கலிங்கலுக்கு நீளம் வைத்தார்கள். மேலேரி உடைந்தால், பல நாட்களாகச் சேர்ந்த நீர் சில நாழிகையில் கீழே பாய்கிறது. கழிவாகக் கொடுத்தது கூடுதலாகத் திரும்புகிறது. கீழேரியும் உடைகிறது, அதற்கடுத்ததும் உடைகிறது. 2023-இல் தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்களின் கரைகள் அடுத்தடுத்து உடைந்ததை நாடறியும். மேலேரியைத் தூர்த்து மனையாக்கினாலும் விளைவு ஒன்றே. கழிவு போய்விட்டது, கலிங்கலின் நீளமோ அப்படியே இருக்கிறது. தம் ஊர் ஏரிக்கு ஒன்றும் நேரவில்லை என்று மகிழ்ந்திருப்போர், மூன்று கல் தொலைவிலுள்ள மேலூர் ஏரியில் என்ன நடக்கிறது என்றும் பார்த்து வர வேண்டும்.

சென்னை வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியே எல்லோரும் பேசினர். 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் அப்பெரிய ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது உண்மையே. ஆனால் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்துச் சிறிய ஏரிகளும் அன்று வழிந்து, அடையாற்றில் சேர்ந்தன என்பதைப் பேசினவர் சிலரே. பெரிய மதகைத் திறந்த அதிகாரியின் மீது குறை கூறலாம். தானாக வழிந்த கலிங்கல்களின் மீது குறை கூற ஆளில்லை அன்றோ!

இனி நம் சங்கங்களுக்கு நேரே வருவோம். நாம் தணிக்கைக்குச் செல்லும் ஊர்களுள் ஒன்றில் ஏரியின் கீழே இரண்டு சங்கங்கள் இருக்கின்றன. கிழக்கே தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். போக்குக்காலின் ஓரமாக நெசவாளர் சங்கமும், குழித்தறிகள் நிறைந்த இரண்டு தெருக்களும். முதற்சங்கத்தின் அங்கத்தினர் நெல் விளைவிப்போர். இரண்டாம் சங்கத்தின் புத்தகங்களைப் புரட்டியபோது, பல ஆண்டுகளாகக் கார்த்திகை மார்கழி மாதங்களில் உற்பத்தி சரிந்திருப்பதையும், எதிரே "மழை" என்ற ஒரே சொல் எழுதப்பட்டிருப்பதையும் கண்டோம். வெள்ளத்துக்கென ஒரு பத்தி நம் பதிவேடுகளில் இல்லை. ஆகவே நட்டம் கூலிக் குறைவாகவும், தவணை தவறியதாகவும், நூல் சேதாரமாகவும் மாறுவேடம் பூண்டு வெவ்வேறு பக்கங்களில் உட்கார்ந்திருக்கிறது.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. ஏரி நிரம்பியதும் ஆயக்கட்டுதாரர் சிலர் கலிங்கலின் மேல் ஓரடி உயரத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்கிக் களிமண் பூசிவிடுவர். ஓரடி நீர் கூடுதலாக நிற்கும். பெருமழை வந்தால் அந்த நீர் மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு ஒரே மூச்சாகப் போக்குக்காலில் இறங்கும்; தெருவில் முழங்கால் அளவு ஓடும். குழித்தறிக்கு முழங்கால் நீர் வேண்டியதில்லை. வாசற்படியைத் தாண்டிய முதல் நீரே குழியை நிரப்பிவிடும். மிதிகட்டை மூழ்கும், கஞ்சி போட்ட பாவு நனைந்து பூசணம் பிடிக்கும், பட்டானால் சாயம் இறங்கி, சரிகை கறுக்கும். நீர் வடிந்தபின்னும் குழி உலர நாட்கள் பல ஆகும். அத்தெருவின் முதிய அம்மையார் ஒருவர் நம்மிடம், "தம்பி, வந்த தண்ணீர் வடிந்துவிடும், போன பாவு திரும்பி வருமா?" என்று கேட்டார்.

விளைவிப்போரிடமும் சென்றோம். அவர்களைப் பேராசைக்காரர் என்று எழுதிவிடுதல் எளிது, அது நியாயமாகாது. தாழ நட்ட சம்பாவுக்கு மார்கழிக் கடைசியிலும் தையிலும் வேண்டிய தண்ணீர் அந்த ஓரடியில்தான் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். நூறு ஏக்கர் அடி நீர், நானூறு ஏக்கருக்கு மூன்று அங்குல வீதம் ஒரு பாய்ச்சலுக்குப் போதும். கதிர் பால் பிடிக்கும் வேளையில் அந்த ஒரு பாய்ச்சல் தவறினால் பதராகிவிடும், பயிர்க்கடனும் நிலுவையாகிவிடும். "ஐயா, எங்கள் நிலுவைக்கு நீங்களே நோட்டீசு அனுப்புவீர்கள், அந்தத் தண்ணீரையும் நீங்களே வழிய விடச் சொல்கிறீர்களே!" என்று அவர்களுள் மூத்தவர் சொன்னதற்கு நம்மால் உடனே விடை கூற முடியவில்லை.

விடையைக் கணக்கில்தான் தேட வேண்டியிருந்தது. நம் உதாரண ஏரிக்கே திரும்புவோம். கலிங்கலின் தலையிலிருந்து கரையின் உச்சி மூன்றடி உயரம் என்று கொள்வோம். கலிங்கலின் மீது மூன்றடி நீர் வழிந்தால் அறுபதடி நீளத்தில் வெளியேறுவது வினாடிக்குச் சுமார் 930 கன அடி. இதற்குமேல் நீர் உயர்ந்தால் கரையின் மேலேயே வழியும். மண் கரை அதனைத் தாங்காது. இப்போது ஓரடி மூட்டைகளை அடுக்கினால் எஞ்சுவது இரண்டடி. இரண்டடியில் வெளியேறுவது சுமார் 510 கன அடியே. மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைத்தால் நீர்ப்போக்கிலும் மூன்றில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைக்கிறோம், அப்படியன்று. நீரின் ஆழம் குறையக் குறைய அதன் வேகமும் சேர்ந்து குறைவதால், போக்கு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. ஓரடி மூட்டை அடுக்கியவர் ஒரு பாய்ச்சல் தண்ணீரைச் சேமித்தார்; கலிங்கலில் கிட்டத்தட்டப் பாதியை அடைத்துவிட்டார். மூட்டை தெருப்பக்கம் சரிந்தால் நெசவாளருக்கு நட்டம். சரியாமல் உறுதியாக நின்றுவிட்டாலோ கரையே உடைந்து, அடுக்கியவருடைய வயலில்தான் முதலில் மணல் மூடும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, வாதிட்ட பெரியவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

மற்றொன்று. மேற்சொன்ன 2015, 2023, 2024 ஆகிய மூன்று பெருமழைகளும் பெய்த நாட்களைப் பஞ்சாங்கத்தில் பார்த்தால், மூன்றும் கார்த்திகை நடுவுக்கும் மார்கழி முதல் இரண்டு நாட்களுக்கும் இடையே வருகின்றன. ஏரி நிரம்புவதும் கார்த்திகையில்தான். மூட்டை அடுக்குவதும் கார்த்திகையில்தான். எந்த நாட்களில் கலிங்கல் முழுதும் திறந்திருக்க வேண்டுமோ, அந்த நாட்களிலேயே அதனை அடைத்து வருகிறோம்.

அப்படியானால் பெருமழை வருகிறது என்று வானிலை அறிக்கை கேட்டவுடன் மதகைத் திறந்து ஏரியைத் தாழ்த்திவிட்டால் என்ன என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. சிற்றேரியின் மதகு வயலுக்கு அளந்து விடுவதற்காக அமைந்தது. அது வினாடிக்குப் பத்துக் கன அடி தருவதாகக் கொண்டால், நம் ஏரியை ஓரடி தாழ்த்த ஐந்து நாட்கள் வேண்டும். மழை தொடங்கியபின் மதகைத் திறப்பது, வீடு பற்றியபின் கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும். ஐந்து நாட்களுக்கு முன்பே, வானம் தெளிந்திருக்கும்போதே, வயலுக்கு வேண்டாத நீரை வெளியே விடுவதற்கு எல்லோரும் உடன்பட்டால் அன்றி இது பயன் தராது. அவ்வாறு உடன்படுதற்கு ஓர் அமைப்பு வேண்டும்.

அமைப்பு என்னும்போது உத்தரமேரூரை நினையாமல் இருக்க முடியவில்லை. முதற்பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அங்குள்ள கல்வெட்டுகள் குடவோலை முறையால் ஏரி வாரியத்துக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதியைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பெயர் எழுதப்படத் தகாதவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. கூட்டுறவுத் தணிக்கையாளராகிய நாம் இவ்வரியைப் படித்து எவ்வளவு மகிழ்ந்தோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை! அக்காலத்தில் ஏரிப்பட்டி என்று தனியே நிலம் விட்டு, அதன் வருவாயைக் கரைக்கும் தூர் எடுக்கவும் செலவிட்டனர். பின்னர்க் குடிமராமத்து என்ற பெயரால் ஊரார் உழைப்பு நின்று நிலவியது. கும்பினியார் காலத்தில் அது தளர்ந்தது. உடைப்பு நேருங்கால் ஊரார் உழைக்கக் கடமைப்பட்டவர் என்று 1858-இல் சட்டமே செய்ய நேர்ந்தது. மதுராந்தகம் ஏரியின் கரை அடிக்கடி உடைந்ததும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லியோனல் பிளேஸ் என்ற கலெக்டர் அதனைச் செப்பனிட்டதும், ஒரு மழை இரவில் இராமரும் இலக்குவனும் கரையைக் காத்து நின்றதை அவர் கண்டதாக வழங்கும் கதையும் பலர் அறிந்தவை. கரையை இரவில் எவரேனும் காத்து நிற்க வேண்டும் என்பதில் கதைக்கும் பொறியியலுக்கும் வேற்றுமை இல்லை.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரை மீண்டும் எடுத்து, பாசனதாரர் பங்குடன் ஏரிகளைச் செப்பனிடும் திட்டத்தைத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பாசனச் சங்கங்களும் பல இடங்களில் உள்ளன. ஆனால் பாசனச் சங்கத்தில் நிலமுடையோருக்கே வாக்கு. போக்குக்காலின் ஓரத்தில் வாழும் நெசவாளருக்கு ஏரியிலிருந்து வருவது வெள்ளம் மட்டுமே. அதைப் பற்றிப் பேச அவருக்கு இடமில்லை. இக்குறையை நம் கூட்டுறவுச் சங்கங்கள் தமக்குள் ஓரளவு நிரப்பிக்கொள்ள முடியும் என்பதற்கு மேற்சொன்ன ஊரே சான்று. அதனைச் சொல்லுமுன், கரை எவ்வாறு உடைகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கரை உடைவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, நீர் உச்சியின் மேல் வழிந்து வெளிச்சரிவை அறுப்பது. கரையின் உச்சி வண்டித் தடமாகவும் நடைபாதையாகவும் தேய்ந்து ஓரிடத்தில் அரையடி பள்ளமாயிருந்தால் போதும். எல்லா நீரும் அங்கேயே வழியும். ஆதலின் புரட்டாசியிலேயே உச்சியை ரசமட்டம் கொண்டு பார்த்துப் பள்ளத்தை நிரவுதல் வேண்டும். மற்றொன்று, உள்ளிருந்தே அரிப்பது. எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர்ப் பொந்து, மதகின் கட்டடமும் மண்ணும் சேரும் இடுக்கு ஆகிய இவற்றின் வழியே நீர் மெல்லக் கசியும். சீமைக் கருவேல் கரையில் தலையெடுக்கும்போதே களைவது நன்று. பெரிதான பின் வெட்டி, வேரை மட்டும் உள்ளே மக்க விடுதல் பொந்துக்கு வழி செய்வதாகும்.

கசிவைக் கண்டதும் அஞ்சத் தேவையில்லை. மண் கரை எல்லாமே சிறிது கசியும். கசியும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும். தெளிந்திருந்தால் கவனித்து வந்தால் போதும். கலங்கியிருந்தால் நீரோடு கரையின் மண்ணும் வெளியேறுகிறது என்று பொருள். உடனே நீர்வளத் துறைக்கும் வருவாய்த் துறைக்கும் செய்தி போக வேண்டும், கீழ்த்தெருவினர் வெளியேற வேண்டும். இங்கே பலர் செய்யும் தவறு ஒன்றுண்டு. நீர் பீறிடும் வாயைக் களிமண்ணால் அழுத்தி அடைத்துவிடுகிறார்கள். உள்ளே அழுத்தம் குறையாததால் அது பக்கத்தில் வேறொரு வாயைத் திறந்துகொள்ளும். வெளிவாயில் பருமணலையும் அதன்மேல் சரளையையும் பரப்பினால் நீர் வெளியேறும், மண் தங்கும். அதனைச் சுற்றி மணல் மூட்டைகளால் கிணற்றுச் சுவர்போல் வளைத்துக் கட்டினால், உள்ளே நீர் உயர்ந்து எதிரழுத்தம் தந்து வேகத்தைக் குறைக்கும். அடைக்க வேண்டிய இடம் ஏரியின் உட்புறம். தார்ப்பாயையும் வைக்கோற் புரியையும் அங்கே இறக்குவர். இவ்வேலைக்கு வேண்டிய மணலும் சரளையும் சாக்கும் மழைக்கு முன்பே கரையடியில் இருந்தாக வேண்டும். மழை இரவில் வண்டி வராது.

இனி அவ்வூரின் ஏற்பாடு. இரு சங்கங்களின் நிர்வாகக் குழுக்களும் நெசவாளர் சங்கக் கிடங்கில் ஒன்றாக அமர்ந்தன. மூன்று கூட்டங்கள் நடந்தன. முதற்கூட்டம் சண்டையில் முடிந்ததை மறைப்பதற்கில்லை. பழைய கலிங்கல்கள் சிலவற்றின் தலையில் வரிசையாக நட்ட குத்துக்கற்களைக் கண்டிருப்பீர்கள். மழை ஓய்ந்தபின் அவற்றினிடையே பலகை செருகி நீரைச் சற்று உயர்த்துவதற்கென்று வைக்கப்பட்டவை அவை. அவ்வூர்க் கலிங்கலிலும் அவை பாதி சேற்றில் புதைந்து கிடந்தன. துறைப் பொறியாளரின் அனுமதி பெற்று அவற்றைச் செப்பனிட்டு, மூட்டைக்குப் பதில் பலகை இடுவதென்று முடிவாயிற்று. பலகைக்கும் மூட்டைக்கும் உள்ள வேற்றுமை பெரிது: எச்சரிக்கை வந்தால் நான்கு பேர் கயிறு கட்டிப் பலகையைச் சில நிமிடங்களில் இழுத்துவிடலாம், களிமண் பூசிய மூட்டையை நீரின் நடுவே நின்று எடுக்க இயலாது. மார்கழி இருபது தேதிக்கு முன் பலகை இடுவதில்லை என்பது இரண்டாம் நிபந்தனை. விளைவிப்போருக்கு இதனால் ஓரடியும் முழுதாகக் கிடைக்கவில்லை. முதலாண்டில் அரையடிக்குச் சற்று மேல் நின்றது. அதற்கு ஈடாக, தறி நிற்கும் ஆடி மாதத்து நாட்கள் சிலவற்றில் நெசவாளர் வீட்டுக்கு ஒருவராக வந்து வரத்துக்காலின் அடைப்புகளை வெட்டித் தந்தனர். மேலேரியிலிருந்து வடியும் நீர் தை வரை வந்துகொண்டிருக்க இது துணை செய்தது. பெருமழை எச்சரிக்கை உள்ள இரவுகளில் கரைக்காவல் இரு தெருவினருக்கும் முறைவைத்துப் பங்கிடப்பட்டது.

பலகைகள் நெசவாளர் சங்கக் கிடங்கில் அடுக்கப்பட்டுள்ளன. அந்த அறையின் சாவி கடன் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. பலகை வெளியே போகும் நாளும், திரும்பி வரும் நாளும், கலிங்கலில் அன்று ஓடிய நீரின் உயரமும் ஒரு நோட்டில் எழுதப்பட்டு, இருவர் கையொப்பமும் இடப்படுகின்றன. அந்நோட்டுக்குச் சட்டப்படி எந்தப் படிவமும் இல்லை. சென்ற தணிக்கையில் அதனையும் கேட்டு வாங்கிப் பார்த்து, பக்கத்துக்குப் பக்கம் பச்சை மையால் குறியிட்டு வந்தோம்.